தேள்கடியும் அட்ரினலின் ஏற்பிகளும்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரியை அடுத்துள்ள சுள்ளிக்கல்லில் ஒருவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஈறில் ஊசி போடுகிறார். சில நிமிடங்களில் ஈறு மரத்துப்போகிறது. அதன் செந்நிறம் மங்கி வெளுக்கிறது. பல்லை எடுக்கும்பொழுது இரத்தம் மிகுதியாகப் பெருகுவதில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்குச் சற்று நேரம் நெஞ்சு படபடக்கலாம். மருந்துக் குப்பியில் ஒட்டியுள்ள தாளைப் படித்தால் காரணம் விளங்கும். மரப்பு மருந்தாகிய லிக்னோகெய்னுடன் 80,000 பங்குக்கு ஒரு பங்கு, அல்லது 2,00,000 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலினும் அதில் கலந்திருக்கும்.

ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்தது அட்ரினலின். இருதயத்தை விரைந்து துடிக்கச் செய்ததும் அதே அட்ரினலின். ஒவ்வாமையால் மூச்சுக்குழல்கள் இறுகித் திணறுபவருக்கு அதைக் கொடுத்தால், அக்குழல்கள் சுருங்குவதற்கு மாறாக விரிகின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் சுருக்குகிறது, வேறோரிடத்தில் விரைவுபடுத்துகிறது, மற்றோரிடத்தில் தளர்த்துகிறது. இது எவ்வாறு இயலும்?

இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்ட விடை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டுக் கிராமங்களில் தேள் கொட்டி மாண்டுகொண்டிருந்த குழந்தைகள் பலரை அது பிழைக்க வைத்தது. அறுவை மேசையில் மயக்க மருத்துவர் நாள்தோறும் செய்யும் வேலைக்கும் அதுவே அடிப்படை. அவ்விடையை எளிய முறையில் விளக்குவதும், களப்பணியாளரும் ஆசிரியரும் அதனால் பெறக்கூடிய பயனைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உடலின் எச்சரிக்கை மணி

நம் விருப்பத்தை எதிர்பாராமல் தாமே இயங்கும் நரம்புகள் நம் உடலில் உள்ளன. இருதயத் துடிப்பு, இரத்தக் குழாய்களின் அகலம், வியர்வை, செரிமானம், கண்மணியின் விரிவு ஆகியவற்றை இவை நடத்துகின்றன. இவற்றுள் பரிவு நரம்புகள் எனப்படும் பகுதி அபாய காலத்தில் முனைந்து வேலை செய்வதாகும். வழியில் பாம்பைக் கண்டு திடுக்கிட்டவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதும், விரல்கள் சில்லிடுவதும், முகம் வெளுப்பதும் இந்நரம்புகளின் செயலே. தோலுக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் குறைக்கப்பட்டு, ஓடவும் போராடவும் தேவையான தசைகளுக்கு அது திருப்பி விடப்படுகிறது.

இந்தக் கட்டளையைக் கொண்டு செல்லும் தூதர்கள் இரண்டு இரசாயனப் பொருள்கள். ஒன்று, சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பிகளின் உட்பகுதி இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின். இதனை ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய இரசாயன அறிஞர் தூய நிலையில் பிரித்தெடுத்து 1901-இல் உலகிற்கு அறிவித்தார். மற்றொன்று, பரிவு நரம்புகளின் முனைகளில் கசியும் நார்அட்ரினலின். நரம்பின் தூதர் இதுவே என்பதை 1946-இல் சுவீடன் நாட்டு அறிஞர் உல்ப் வான் ஆய்லர் நிலைநாட்டினார்.

தூதர் சென்று சேர்ந்தால் மட்டும் போதாது. அவரை வரவேற்று, செய்தியை உள்ளே சேர்ப்பிக்கும் வாயில் ஒன்று வேண்டும். உயிரணுவின் மேற்சவ்வில் பதிந்துள்ள ஒருவகைப் புரதமே அவ்வாயில். இதனை ஏற்பி என்கிறோம். பள்ளிக்கூடத்து மணியை உவமையாகக் கொள்ளலாம். நண்பகலில் மணி ஒருமுறைதான் அடிக்கிறது. மாணவர்கள் புத்தகத்தை மூடுகின்றனர்; சமையற்காரர் சோற்றுப் பானையைத் திறக்கிறார்; காவலர் வாயிற்கதவைச் சாத்துகிறார். மணியோசை ஒன்றே. கேட்பவர் யார் என்பதே நடக்கும் செயலைத் தீர்மானிக்கிறது. அட்ரினலினும் அத்தகையதே. அதன் விளைவு அதனிடத்தில் மட்டும் இல்லை. அதை ஏற்கும் ஏற்பியிடத்திலும் உள்ளது.

ஆல்பாவும் பீட்டாவும்

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டுவிடவில்லை. 1906-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் எர்காட் என்னும் பூசணத்தின் சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அட்ரினலினைச் செலுத்தினால் விலங்கின் இரத்த அழுத்தம் உயர வேண்டும். ஆனால் எர்காட் சாற்றை முதலில் செலுத்திய விலங்கிற்கு அட்ரினலினைக் கொடுத்தபொழுது அழுத்தம் உயரவில்லை, குறைந்தது. குழாய்களைச் சுருக்கும் வாயில்கள் எர்காட்டினால் அடைபட்டுவிட்டன என்றும், விரிக்கும் வாயில்கள் மட்டும் திறந்திருந்தன என்றும் இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அது ஒரு புதிர்.

புதிரை அவிழ்த்தவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலினையும் அதனை ஒத்த பொருள்கள் சிலவற்றையும் அவர் வெவ்வேறு உறுப்புகளில் செலுத்தி, எது வலிமை மிக்கது, எது குறைந்தது என்று வரிசைப்படுத்தினார். எல்லா உறுப்புகளிலும் ஒரே வரிசை கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கிடைத்தவை இரண்டு வரிசைகள். ஆகவே ஏற்பிகளும் இரு வகை என்று அவர் முடிவு செய்து, அவற்றிற்கு ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டார். அக்கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை ஏற்க மறுத்தது. 1948-இல் வேறொரு பத்திரிகை வெளியிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே.

பின்னர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, பீட்டா ஏற்பியை மட்டும் அடைக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தை 1960-களில் ஆக்கினார். நெஞ்சுவலி நோயாளிகளுக்கு அது பேருதவியாக அமைந்தது. 1988-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். ஏற்பிகள் வெறும் கற்பனையல்ல, கையால் பிரித்தெடுக்கக்கூடிய புரதங்களே என்பதைக் காட்டி, அவற்றின் வடிவத்தையும் கண்டறிந்த ராபர்ட் லெப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகிய இருவருக்கும் 2012-இல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று அட்ரினலின் ஏற்பிகளில் ஒன்பது வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் நோக்கத்திற்கு நான்கு பிரிவுகள் போதும். ஆல்பா-1 இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. ஆல்பா-2 பெரும்பாலும் நரம்பு முனையிலேயே அமர்ந்து, தூதுப்பொருள் அளவுக்கு மீறிக் கசியாதவாறு தடுப்பது. வண்டியின் பிரேக்குப் போன்றது எனலாம். பீட்டா-1 இருதயத்தின் வேகத்தையும் வலிமையையும் கூட்டுவது. பீட்டா-2 மூச்சுக்குழல்களையும் தசைகளின் இரத்தக் குழாய்களையும் தளர்த்துவது. சுள்ளிக்கல்லில் பல் பிடுங்கிக்கொண்டவரின் ஈறு வெளுத்தது ஆல்பா-1 ஏற்பியால். நெஞ்சு படபடத்தது பீட்டா-1 ஏற்பியால்.

கொங்கணத்துச் செந்தேள்

கொச்சியிலிருந்து மேற்குக் கடற்கரையை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்றால் கோவாவைக் கடந்து கொங்கண நாட்டை அடைகிறோம். ஏட்டளவில் இருந்த இந்த ஏற்பி அறிவு உயிர்காக்கும் அறிவாக மாறியது அங்கேதான். மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் மஹாட் என்ற ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த மலையடிக் கிராமங்களில் செந்தேள் மிகுதி. ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர்; பழைய நூல்களில் இது மீசோபூத்தஸ் டாமுலஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய பகுதிகளிலும் இத்தேள் உண்டு.

தேள் என்றவுடன் கருத்த பெரிய நட்டுவாக்காலியே பலர் நினைவுக்கு வரும். அதன் கொடுக்குகள் பருத்தவை. தோற்றமும் அச்சம் தருவது. ஆனால் அது கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். செந்தேளோ உருவில் சிறியது. அதன் முன்கொடுக்குகள் மெலிந்தவை. பகலில் கல்லிடுக்கிலும், விறகுக் குவியலிலும், ஓட்டுக் கூரையிலும், சுவர் வெடிப்பிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடி வெளிவரும். பெரிதைக் கண்டு அஞ்சிச் சிறிதை அலட்சியம் செய்வது இங்கு பெரும் பிழையாகும்.

1976-இல் மஹாட் வட்டத்தில் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் டாக்டர் பணியேற்று வந்தார். செந்தேள் கொட்டியவர்களில் சிலர், சிறப்பாகக் குழந்தைகள், சில மணி நேரத்திற்குள் மூச்சுத் திணறி வாயில் நுரை தள்ளி இறப்பதை அவர் கண்டார். வலி நீக்கும் மருந்துகளும் ஒவ்வாமை மருந்துகளும் அவர்களைக் காக்கவில்லை. அவர் ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் அமர்ந்து, நாடி, இரத்த அழுத்தம், கை கால்களின் வெப்பம், வியர்வை, மூச்சு ஆகியவற்றை மணிக்கணக்காகக் குறித்துவந்தார். சிறு மருத்துவ நிலையத்தில் இருந்துகொண்டு, கண்ணையும் கையையும் பொறுமையையும் மூலதனமாகக் கொண்டு செய்த ஆராய்ச்சி அது.

அக்குறிப்புகளிலிருந்து ஓர் ஒழுங்கு தெரியவந்தது. கொட்டிய இடத்தில் கடுமையாக வலித்து, வேறு குறி எதுவும் தோன்றாதவர் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டனர். வாந்தி, உடல் நனைக்கும் வியர்வை, சில்லிட்ட கை கால்கள், ஆண்களிடத்தும் சிறுவரிடத்தும் ஆண்குறி விறைப்பு ஆகியவை தோன்றினால், சில மணிகளில் இருதயமும் நுரையீரலும் தாக்கப்படும் என்பதற்கு அவை முன்னறிகுறிகளாக இருந்தன. இச்செய்தி 1982-இல் இங்கிலாந்தின் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது.

நஞ்சு செய்யும் வேலை

செந்தேளின் நஞ்சு நரம்புகளில் சோடியம் அயனிகள் நுழையும் வழிகளைத் தாக்குகிறது. இயல்பாக இவ்வழிகள் நொடிப்பொழுதில் திறந்து மூடிக்கொள்ள வேண்டும். நஞ்சு அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நரம்பு ஓய்வின்றி மீண்டும் மீண்டும் செய்தி அனுப்புகிறது. முதலில் வாந்தி, எச்சில் பெருக்கு, வியர்வை முதலியன தோன்றுகின்றன. அடுத்து, பரிவு நரம்பு முனைகளிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் நார்அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாகப் பெருகுகின்றன. பள்ளிக்கூடத்து மணி நில்லாமல் அடித்துக்கொண்டே இருப்பது போன்ற நிலை அது.

இவ்வெள்ளத்தில் முதலில் அடிபடுவது ஆல்பா-1 ஏற்பி. உடலெங்கும் சிறு இரத்தக் குழாய்கள் இறுகச் சுருங்குகின்றன. கை கால்கள் பனிபோல் குளிர்கின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பீட்டா-1 ஏற்பியின் தூண்டுதலால் இருதயம் விரைந்து அடிக்கிறது. ஆனால் அது எதிர்கொள்வது ஏறத்தாழ அடைபட்ட குழாய்களை. மதகை இறக்கிவிட்டு, இறைக்கும் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால் என்ன நேருமோ அதுவே இங்கு நேர்கிறது. இருதயத் தசை களைத்துத் தளர்கிறது. முன்னே தள்ள முடியாத இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது; அதன் நீர்ப்பகுதி மூச்சுப் பைகளுக்குள் கசிந்து நிறைகிறது. குழந்தை நுரை கக்கித் திணறுவது இதனால்தான்.

ஒரு வாயிலை அடைத்தல்

நோயின் போக்கு இவ்வாறு விளங்கியபின் சிகிச்சையின் போக்கும் விளங்கிற்று. பெருகிவிட்ட தூதுப்பொருளை உடலிலிருந்து அள்ளி வெளியே கொட்ட இயலாது. ஆனால் கேடு செய்யும் வாயிலை அடைக்கலாம். இரத்தக் குழாய்களை விரிக்கும் சோடியம் நைட்ரோபுருசைடு என்ற மருந்தைப் பவாஸ்கர் முதலில் பயன்படுத்தினார். அதனால் சிலர் பிழைத்தனர். எனினும் அதனைச் சொட்டுச் சொட்டாக நரம்பு வழியே செலுத்தி, இரத்த அழுத்தத்தை இமை கொட்டாமல் கவனிக்க வேண்டியிருந்தது. கிராம மருத்துவமனைக்கு அது ஏற்றதன்று.

அக்காலத்தில் உயர் இரத்த அழுத்தத்திற்காகப் பிரசோசின் என்ற மாத்திரை புழக்கத்தில் இருந்தது. ஆல்பா-1 ஏற்பியைக் குறிப்பாக அடைப்பது அது, வாய்வழியே கொடுக்கத்தக்கது, விலையும் குறைவு. பவாஸ்கரும் அவர் மனைவியாரான டாக்டர் பிரமோதினி பவாஸ்கரும் இதனைத் தேள்கடி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சுருங்கியிருந்த குழாய்கள் தளர்ந்தன. கை கால்களுக்குச் சூடு திரும்பியது. இருதயத்தின் சுமை இறங்கியது. 1986-இல் இருவரும் லான்செட் பத்திரிகையில் இம்முடிவுகளை வெளியிட்டனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் முன்பு நூற்றுக்கு 40 பேர் வரை இறந்துவந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிற்குக் குறைந்தது என்பது அவர்கள் தரும் கணக்கு. 2022-இல் ஹிம்மத்ராவ் பவாஸ்கருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் சிகிச்சை முறை மாற்றப்பட்டது. அங்கு முன்பு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு கலவை கொடுக்கப்பட்டு வந்தது. அதனைக் கைவிட்டுப் பிரசோசினை மேற்கொண்ட பின் கண்ட விளைவுகளை அம்மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்டனர். அந்தப் பழைய கலவையின் வரலாறு கவனிக்கத்தக்கது. அது மயக்க மருத்துவத்திலிருந்து வந்தது. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைத் தணிப்பதற்காக, 1950-களின் தொடக்கத்தில் ஹென்றி லபோரி என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் அத்தகைய கலவைகளைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள குளோர்புரோமசின் ஆல்பா ஏற்பியை அடைக்கும் தன்மையும் உடையது. ஆனால் கலவை முழுவதும் சேர்ந்து குழந்தையை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தும், மூச்சையும் தாழ்த்தக்கூடும். வேண்டிய வாயிலை மட்டும் அடைக்கும் மருந்து கிடைத்தபின் அது தேவையற்றதாயிற்று.

பிரசோசின் நஞ்சை முறிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நஞ்சை முறிப்பது தேள் நஞ்சுக்கெதிரான சீரம். மஹாட்டில் 70 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. பிரசோசின் மட்டும் பெற்றவர் நலமடையச் சராசரி 17.7 மணி நேரமாயிற்று. சீரமும் பிரசோசினும் பெற்றவருக்கு 8 மணி நேரமே ஆயிற்று. சீரம் கிடைக்குமிடத்தில் இரண்டும் சேர்ந்து நற்பயன் தரும். அது கிடைக்காத இடத்தில் மாத்திரை ஒன்றே பெருந்துணை.

வரிசை பிறழ்ந்தால் வரும் கேடு

இருதயம் படபடவென்று அடிக்கிறதே, பீட்டா ஏற்பியை அடைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அங்குதான் அபாயம் உள்ளது. பீட்டா-2 ஏற்பி தசைகளின் இரத்தக் குழாய்களைத் தளர்த்திக் கொஞ்சம் ஆறுதல் தருகிறது. அதனையும் அடைத்துவிட்டால் ஆல்பாவின் இறுக்கம் எதிர்ப்பின்றி ஓங்கும். ஏற்கெனவே களைத்த இருதயம் வலிமையையும் இழக்கும்.

இதே பாடத்தை மயக்க மருத்துவர்கள் வேறொரு நோயில் கற்றனர். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் சிலருக்கு அரிதாக ஒரு கட்டி தோன்றும். பியோக்ரோமோசைட்டோமா என்பது அதன் பெயர். அது நினைத்தபோதெல்லாம் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் இரத்தத்தில் கொட்டும். அறுவை செய்பவர் கை பட்டாலே இரத்த அழுத்தம் வானளாவ ஏறும். ஆகையால் அறுவைக்குச் சில நாள்கள் அல்லது வாரங்கள் முன்பே ஆல்பா ஏற்பியை அடைக்கும் மருந்து தொடங்கப்படுகிறது. தேவைப்பட்டால் அதன் பின்னரே பீட்டா அடைப்பு. இவ்வரிசையை மாற்றுதல் கூடாது என்பது மயக்க மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த விதி. தேள் கொட்டிய குழந்தையும் இக்கட்டியுள்ள நோயாளியும் ஒரே புயலில் சிக்கியவர்கள். ஒன்றில் புயல் வெளியிலிருந்து வந்தது. மற்றொன்றில் உள்ளிருந்து எழுந்தது.

மயக்க மருத்துவரின் மேசையில்

இப்புயல் சிறு அளவில் ஒவ்வோர் அறுவையிலும் எழக்கூடியது. நோயாளி உணர்விழந்து உறங்கினாலும் அவருடைய பரிவு நரம்புகள் முழுவதும் உறங்குவதில்லை. மூச்சுக் குழாயில் இரப்பர் போன்ற குழலைச் செருகும் தருணத்தில் நாடியும் இரத்த அழுத்தமும் தாவி ஏறுவதைக் கருவிகளில் காணலாம். மனம் அறியாவிட்டாலும் உடல் எச்சரிக்கை மணியை அடிக்கிறது. அம்மணிக்கு எந்த வாயில் எந்த அளவு திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது மயக்க மருத்துவரின் முக்கியக் கடமைகளுள் ஒன்று.

எதிர்மாறான நிலையும் உண்டு. மகப்பேற்று அறுவைக்காகத் தாயின் முதுகுத்தண்டில் மரப்பூசி போடும்பொழுது, வலி நரம்புகளோடு பரிவு நரம்புகளும் மரத்துவிடுகின்றன. கால்களின் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. தாய்க்குக் குமட்டலும் மயக்கமும் வரும். வயிற்றிலுள்ள குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். அப்பொழுது ஆல்பா-1 ஏற்பியைத் தூண்டும் பீனைல்எப்ரின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றனர். தேள்கடியில் அடைக்க வேண்டிய அதே வாயில் இங்கு திறக்கப்பட வேண்டியதாகிறது.

பிரேக்குப் போன்றது என்று மேலே கூறிய ஆல்பா-2 ஏற்பிக்கும் இங்கு வேலை உண்டு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் திரள் இருக்கிறது. நார்அட்ரினலினை மூளையெங்கும் அனுப்பி நம்மை விழிப்போடு வைத்திருப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆல்பா-2 ஏற்பியைத் தூண்டினால் இத்திரள் அடங்குகிறது. உறக்கத்தை ஒத்த அமைதி வருகிறது. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து இவ்வாறு வேலை செய்வது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதனைப் பெற்றவர் அமைதியாகத் துயில்வார். தட்டி அழைத்தால் விழித்து விடை சொல்வார். மூச்சை இது மிகுதியாகத் தாழ்த்துவதில்லை. ஆயினும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் இயல்பினதாகையால் விழிப்போடு கையாளப்பட வேண்டியது.

தேனீயும் தேளும்

களப்பணியாளர் மறக்கலாகாத ஒரு வேறுபாடு உண்டு. தேனீயோ குளவியோ கொட்டியவர் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படும். உடலெங்கும் தடிப்பு எழும், உதடும் தொண்டையும் வீங்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் வீழ்ந்து நாடி தளரும். அவருக்கு உயிர் கொடுப்பது, தொடைத் தசையில் தாமதமின்றிப் போடப்படும் அட்ரினலின் ஊசியே. ஆல்பா-1 வழியே அது வீழ்ந்த இரத்த அழுத்தத்தைத் தூக்குகிறது. பீட்டா-2 வழியே மூச்சுக்குழலை விரிக்கிறது. செந்தேள் கொட்டியவர் உடலிலோ அட்ரினலின் ஏற்கெனவே வெள்ளமாக ஓடுகிறது. இரண்டையும் பூச்சிக்கடி என்று ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்தைக் கொடுப்பது அறிவுடைமையாகாது. செந்தேள் கடியின் வலியைத் தணிக்க மரப்பூசி போடும்பொழுதும் அட்ரினலின் கலவாத லிக்னோகெய்னையே மருத்துவர் தேர்ந்துகொள்வது இக்காரணத்தால்தான்.

களப்பணியாளர் கவனத்திற்கு

தேள் கொட்டியவரைப் படுக்கவைத்து ஆறுதல் கூற வேண்டும். கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கீறி இரத்தம் எடுப்பதும், இறுகக் கட்டுவதும், மந்திரித்துப் பொழுது போக்குவதும் கூடா. வாந்தி, மிகுந்த வியர்வை, சில்லிட்ட கை கால், சிறுவருக்கு ஆண்குறி விறைப்பு என்ற நான்கு குறிகளையும் தேடிப் பார்க்க வேண்டும். ஆண்குறி விறைப்பைக் கூற வீட்டார் கூசுவர். நாமாகவே கேட்டறிய வேண்டும். குழந்தை வலிக்கிறதென்று அழாமல் சோர்ந்து வியர்த்துக் கிடந்தால், வலி இல்லை என்று மகிழ்ந்துவிடலாகாது. இக்குறிகளில் ஒன்று தென்பட்டாலும் 108 வண்டியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிறு குழந்தையாயின் குறி தோன்றும்வரை காத்திருப்பதும் தவறு.

பிரசோசின் மாத்திரையை மருத்துவரே எடைக்கேற்ப அளவிட்டுக் கொடுப்பார். குழந்தைகளுக்கு எடை ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்பது வழக்கிலுள்ள அளவு. முதல் மாத்திரைக்குப்பின் திடீரென எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரக்கூடுமாதலால் நோயாளியைப் படுத்த நிலையிலேயே வைத்திருப்பர். தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்மாத்திரை இருப்பில் உள்ளதா என்று கோடைக்கும் மழைக்கும் முன்பே விசாரித்து வைப்பது களப்பணியாளர் செய்யத்தக்க சிறந்த தொண்டு.

கொட்டுப்படாமல் காத்துக்கொள்வது இன்னும் மேல். செருப்பையும் சட்டையையும் உதறிய பின்னரே அணிய வேண்டும். படுக்கையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டும். விறகையும் செங்கல்லையும் வெறுங்கையால் எடுத்தலாகாது. இரவில் விளக்கும் செருப்புமின்றி வெளியே செல்லலாகாது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கருவியின்றியே நடத்தலாம். மாணவர்கள் தம் மணிக்கட்டில் ஒரு நிமிட நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். பள்ளித் திடலை ஒருமுறை ஓடி வந்தபின் மீண்டும் எண்ணட்டும். பீட்டா-1 ஏற்பியின் வேலையில் ஒரு பங்கை அவர்கள் விரல்நுனியிலேயே உணர்வர். தேர்வறையில் கேள்வித்தாளை வாங்கும்பொழுது விரல்கள் ஏன் குளிர்ந்தன என்று பின்னொரு நாள் கேட்கட்டும். ஆல்பா-1 ஏற்பியைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கும். இறுதியில் செந்தேளுக்கும் நட்டுவாக்காலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, நான்கு குறிகளையும் எழுதிப் போடலாம். மாணவர் அதை வீட்டிற்குக் கொண்டு செல்வர்.

ஆல்குவிஸ்ட் 1948-இல் வரைந்த இரு வரிசைகள் ஒரு கிராம மருத்துவரின் கையில் மாத்திரையாக மாற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அம்மாத்திரை இன்று எளிதில் கிடைப்பது. கொட்டுப்பட்ட குழந்தையின் கை கால் சில்லிட்டிருப்பதை முதலில் தொட்டுப் பார்ப்பவர் மருத்துவர் அல்லர். தாயும், ஆசிரியரும், களப்பணியாளருமே. குறியை அறிந்து காலத்தில் அனுப்புவது அவர்கள் கையில் உள்ளது.